சும்மா இருக்கத் தெரியாத கை

அவளுக்குத் தெருவில் வைத்த பேர் மிக்சி. வைத்தது யார் என்று தெரியாது, வைத்தவருக்கு ஒரு மாலை போடலாம், அவ்வளவு பொருத்தம். வலது கை பெருக்கிக்கொண்டிருக்கும்போதே இடது கை கொடியில் காய்ந்த துணியை உருவும். வாய் மூன்றாவது வேலை பார்க்கும். யாருக்காவது தாகம் எடுத்தால் போதும், அவர்கள் வாயைத் திறப்பதற்குள் டம்ளர் முன்னால் வந்து நிற்கும். பஸ்ஸில் பக்கத்து சீட்டுக் குழந்தைக்கு மூக்கைத் துடைத்துவிட்டு, அதற்குப் பிறகுதான் அந்தக் குழந்தைக்கு அம்மா யார் என்று தேடுவாள்.

இப்படி ஒருத்தி வீட்டில் இருந்தால் மற்றவர்கள் என்ன ஆவார்கள்? அவள் புருஷனைப் பார்த்தாலே தெரியும். லேத் பட்டறையில் கெட்டிக்கார மனுஷன். எந்த மெஷின் என்ன சத்தம் போட்டாலும் காதை வைத்துப் பார்த்து எங்கே கோளாறு என்று சொல்லிவிடுவார். வீட்டுக்குள் கால் வைத்தால் பச்சைப் பிள்ளை. குளிக்கப் போனால் துண்டு கதவிடுக்கு வழியாக வரும், சாப்பிட உட்கார்ந்தால் உப்பு தானாக நகர்ந்து வரும். மனுஷனுக்குத் தன் பனியன் எந்த அலமாரியில் இருக்கிறது என்றுகூடத் தெரியாது. தெரிந்துகொள்ள மிக்சி விட்டால்தானே!

அவள் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் ஆயாவாக இருந்தாள். மாமியார் படுக்கையில் விழுந்தபோதும் கடைசிவரை அவள்தான் எல்லாம். பிறகு அந்த ஆஸ்பத்திரியை இழுத்து மூடியபோது, அங்கே முன்பு வேலை பார்த்து வெளிநாடு போயிருந்த நர்ஸ் ஒருத்தி போன் செய்தாள். "அக்கா, இங்க முதியோர் இல்லத்துக்கு ஆள் தேடிக்கிட்டே இருக்காங்க. உங்க கைக்கு இங்க ராஜ மரியாதை கிடைக்கும்."

மகள் காலேஜில் இருந்தாள். அவள்தான் அம்மாவை உந்தித் தள்ளினாள். மிக்சி வகுப்புக்குப் போனாள், அந்த ஊர் பாஷையைத் தட்டுத் தடுமாறிக் கற்றுக்கொண்டாள், பரீட்சையில் ஒரு தடவை கோட்டை விட்டு அடுத்த தடவை தேறினாள். விமான நிலையத்தில் புருஷன் கண் கலங்கி நின்றார். ஏதோ சொல்ல வருகிறார் என்று இவளும் மூக்கை உறிஞ்சிக்கொண்டு நின்றாள்.

"ஏய்... வீட்டு மாத்துச் சாவி எங்க வச்சிருக்கே?" என்றார்.

அந்த இல்லம் அடுக்குமாடிக் கட்டடம். கீழ்த்தளத்தில் இருந்தவர்கள் கீழே விழுந்து எலும்பு முறிந்தோ, பக்கவாதம் வந்தோ, ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவர்கள். உடம்பு தேறினால் வீட்டுக்குப் போகலாம். தேறாதவர்களுக்கு மேல் மாடி. மேல் மாடி ஒன்றும் மோசமில்லை. நல்ல படுக்கை, நல்ல ஜன்னல், வேளாவேளைக்குச் சாப்பாடு. ஆனால் மேலே போனவர்கள் திரும்பி இறங்கி வீட்டுக்குப் போனதாகச் சரித்திரமில்லை. இதனால் லிஃப்ட் கதவு திறக்கும்போதெல்லாம் கீழ்த்தளத்துக் கிழங்கள் ஒரு நிமிஷம் பேச்சை நிறுத்துவார்கள்.

மிக்சியைக் கீழ்த்தளத்தில் போட்டார்கள். சொல்லணுமா! மற்ற பெண்கள் காலையில் மூன்று பேரை எழுப்பி உட்கார வைப்பதற்குள் இவள் தன் பங்கு அத்தனை பேரையும் எழுப்பி, முகம் கழுவி, சட்டை மாட்டி, தலை வாரி, வரிசையாகச் சாப்பாட்டு மேஜைக்குக் கொண்டுவந்துவிடுவாள். கஞ்சியைக் கரண்டியால் ஆற்றி வாயில் வைப்பாள். ஒரு சொட்டு சிந்தாது. பெரியவர்களுக்கு அவளைப் பார்த்தால் முகம் மலர்ந்துவிடும். மேட்ரன் மட்டும் கதவோரம் நின்று பார்த்துக்கொண்டே இருந்தாள். பாராட்டப் போகிறாள் என்றுதான் நம்ம ஆளும் நினைத்தாள்.

"உன் வேலை ரொம்ப சுத்தம். அதுதான் பிரச்சினை," என்றாள் மேட்ரன். அவள் பேசியதெல்லாம் அந்த ஊர் பாஷையில்தான், நான் நம்ம பேச்சில் சொல்கிறேன். "நீ பட்டன் போட்டுட்டா அவங்க விரலுக்கு என்ன வேலை? நீ ஊட்டிட்டா அவங்க கைக்கு என்ன வேலை? வீட்டுக்குப் போனா அங்க நீ இருப்பியா?"

மிக்சி தலையை ஆட்டினாள். உள்ளுக்குள் கொதித்தது. இது என்ன அநியாயம்! வயசான மனுஷி ஒரு பட்டனோடு கால் மணி நேரம் மல்லுக்கட்டுவாளாம், நான் கல்லு மாதிரி நின்று வேடிக்கை பார்க்கணுமாம். நம்ம பக்கத்தில் இப்படி நின்றால் தெருவே காறித் துப்பாதா? மேட்ரன் இருக்கும்போது கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். மேட்ரன் நகர்ந்ததும் பட்டன், கஞ்சி, சீப்பு எல்லாம் பழையபடி ஓடியது.

டிரைவரம்மா அந்தச் சமயத்தில்தான் வந்து சேர்ந்தாள். வாழ்நாளெல்லாம் டவுன் பஸ் ஓட்டியவள். தோள் இன்னும் அகலம், குரல் இன்னும் ஹாரன். குளியலறையில் வழுக்கி இடுப்பெலும்பு முறிந்து, ஆபரேஷன் முடிந்து வந்திருந்தாள். அவள் புருஷன் நெட்டையான, காது கேட்காத பெரியவர். தினமும் மத்தியானம் பஸ் ஏறி வருவார். வந்ததும் இரண்டு பேரும் சண்டை பிடிப்பார்கள். செடிக்குத் தண்ணீர் ஊற்றினாயா என்று அவள் கத்துவாள், அவர் சாப்பிட்டேன் என்பார். போகும்போது அவள் கன்னத்தை ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போவார்.

அவர்களுடையது வாடகை வீடு. டிரைவரம்மா மேல் மாடிக்குப் போய்விட்டால் வீட்டைக் காலி செய்யணும், பெரியவரால் தனியாகச் சமாளிக்க முடியாது, அவரை வேறு எங்கேயோ ஒரு இல்லத்தில் சேர்ப்பார்கள். காது கேட்காத மனுஷன், இவள் கத்தினால் மட்டும்தான் அவருக்குப் பாதியாவது புரியும். இதை டிரைவரம்மா முதல் நாளே சொல்லிவிட்டாள். "பொண்ணே, நான் வீட்டுக்குப் போயே ஆகணும். அந்த ஆளு என்னை விட்டா வேற யார்கிட்டயும் சண்டை போட மாட்டாரு."

வீட்டுக்குப் போவதற்கு ஒரு டெஸ்ட் உண்டு. இல்லத்திலேயே ஒரு அறையில் கட்டில், நாற்காலி, ஸ்டவ், தண்ணீர்த் தொட்டி எல்லாம் வீடு மாதிரியே வைத்திருப்பார்கள். வெளியிலிருந்து ஒரு அதிகாரி அம்மா வருவாள். நோயாளி கட்டிலிலிருந்து எழுந்து, ஷூ போட்டு, வாக்கரைப் பிடித்து நடந்து, ஒரு கப் டீ போட்டுக் குடிக்கணும். அவ்வளவுதான். கூட இருப்பவர் பின்னால் நிற்கலாம். விழப் போனால் தவிர விரல்கூடப் படக்கூடாது.

டிரைவரம்மாவுக்கு நடை சீக்கிரமே வந்துவிட்டது. ஷூ வரவில்லை. இடுப்பை மடக்கிக் குனியக்கூடாது என்பதால் நீளமான இடுக்கி ஒன்றால்தான் ஷூவின் ஒட்டுப்பட்டையைப் பிடித்து இழுத்து ஒட்டணும். தினமும் பழகணும் என்று உடற்பயிற்சி சொல்லிக்கொடுக்கும் பிசியோ சொல்லியிருந்தார். தினமும் மிக்சி என்ன செய்தாள்? இடுக்கியைக் கையில் கொடுப்பாள். பட்டை ஒரு தடவை நழுவும். இரண்டாவது தடவை நழுவுவதற்குள் இவள் தரையில் உட்கார்ந்து இரண்டு காலுக்கும் ஒட்டி முடித்திருப்பாள். "விடுங்கம்மா, நாளைக்குப் பழகிக்கலாம்." டிரைவரம்மாவும் சிரித்துக்கொண்டே விட்டுவிடுவாள். யாருக்குத்தான் பிடிக்காது?

அதே நாட்களில் வீட்டிலிருந்து போன் வந்துகொண்டே இருக்கும். "இந்தா, என் கோடு போட்ட சட்டை எங்கே?"

"பீரோ, ரெண்டாவது தட்டு, இடது பக்கம், போர்வைக்கு அடியில. அதை எடுத்தா கீழ இருக்கிற துண்டு விழும், பிடிச்சுக்குங்க."

துண்டு விழும் சத்தம் போனில் கேட்கும். மகள் பின்னாலிருந்து கத்துவாள். "அம்மா, நீ கடல் தாண்டிப் போயும் அப்பாவுக்கு ஊட்டித்தான் விடறே!"

மிக்சிக்கு அதில் ஒரு பெருமைதான். நான் இல்லாமல் ஒரு துரும்பு அசையுமா என்று நினைத்துக்கொள்வாள்.

டெஸ்ட் நாள் வந்தது. டிரைவரம்மா தலை வாரி, நல்ல சட்டை போட்டுக்கொண்டு வந்து கட்டிலில் படுத்தாள். அதிகாரி அம்மா ஜன்னலோரம் பேனாவோடு உட்கார்ந்தாள். டிரைவரம்மா எழுந்தாள், அழகாக. இடது ஷூ போட்டாள், கொஞ்சம் முக்கி முனகி. வலது ஷூவில் பட்டை நழுவியது. மறுபடி பிடித்தாள், மறுபடி நழுவியது. அவள் காது சிவந்தது.

அப்போது ஒட்டுப்பட்டை ஒட்டிக்கொள்ளும் அந்தச் சின்னச் சத்தம் கேட்டது. டிரைவரம்மா குனிந்து பார்த்தாள். ஷூவின் மேல் இருந்தது மிக்சியின் கை. சத்தியமாகச் சொல்கிறேன், அந்தக் கை எப்போது போனது என்று மிக்சிக்கே தெரியாது. மண்டி போட்டது தெரியாது, ஒட்டியது தெரியாது. அதிகாரி அம்மா ஏதோ எழுதினாள். பேனாவை மூடினாள். இன்னொரு தடவைதான் பார்க்க முடியும், அதிலும் முடியாவிட்டால் மேல் மாடிக்கு எழுதிவிடுவோம் என்று மேட்ரனிடம் சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

"உன்னை யாருடி கேட்டா?" என்றாள் டிரைவரம்மா. கத்தவில்லை. அந்த ஹாரன் தொண்டை கத்தியிருந்தால்கூடத் தாங்கியிருக்கலாம். "அத்தனை வருஷம் ஓட்டினேன். என் கியர்ல இன்னொருத்தன் கை வச்சதில்லை. போ வெளியே."

மிக்சி துணி அடுக்கும் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். அழுகை நிற்கவில்லை, அதற்குள் கை பாட்டுக்கு அங்கிருந்த படுக்கை விரிப்புகளை மடிக்க ஆரம்பித்திருந்தது. அதைப் பார்த்ததும் இன்னும் அழுகை வந்தது. சனியன் பிடிச்ச கை! யாருக்கு நல்லது செய்கிறேன் என்று கிளம்பி யார் தலையில் மண்ணை வாரிப் போட்டிருக்கிறது! நேற்றுவரை செய்ததையெல்லாம் நினைத்துப் பார்த்தாள். இன்றைக்குப் போட்ட ஒரு பட்டை மட்டுமில்லை, தினமும் போட்ட பட்டை அத்தனையும் சேர்ந்துதான் இன்றைக்கு நழுவியது.

அந்த நேரம் பார்த்துப் போன் அடித்தது. "இந்தா, டீத்தூள் டப்பா எங்கே? காலி ஆயிடுச்சா, வேற இருக்கா?"

இருந்தது. மேல் அலமாரியில், பருப்பு டப்பாவுக்குப் பின்னால், பழைய பால் பவுடர் டின்னில். அவள் நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

"தெரியாதுங்க. தேடிப் பாருங்க," என்றாள்.

அவர் பயந்துபோன குரலில், "உடம்புக்கு ஏதாச்சும் முடியலையா?" என்றார்.

மேட்ரன் டிரைவரம்மாவுக்கு வேறு ஆளைப் போட்டாள். மிக்சி தன் மற்ற வேலைகளைப் பார்த்தாள். மெதுவாகத்தான் பார்த்தாள், பார்க்கப் பரிதாபமாக இருந்தது. பட்டனோடு போராடும் ஒரு தாத்தாவின் முன்னால் நின்றுகொண்டு, தன் சட்டை நுனியைக் கசக்கிக்கொண்டே இருந்தாள். தாத்தா கடைசியில் போட்டு முடித்தார். மேலும் கீழும் மாறித்தான் போட்டிருந்தார், ஆனாலும் போட்டுவிட்டு அவளைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்தார் பாருங்கள், இத்தனை நாளாக வாயில் கஞ்சி வைத்தபோது அந்தச் சிரிப்பு வந்ததே இல்லை.

சில நாள் கழித்து டிரைவரம்மாவே ஆள் அனுப்பினாள். "புதுப் பொண்ணு சரியில்லை, செல்போன் பார்க்கிறா. நீயே வா. கெடுத்தவளே சரி பண்ணட்டும்."

"நான் இங்க நின்னா என் கை நிக்காதும்மா," என்றாள் மிக்சி.

"அப்ப உட்காரு. கையைத் தொடைக்கு அடியில வை. வச்சியா? அது மேல உட்காரு."

யாருக்கு டிரெயினிங் நடக்கிறது என்றே தெரியவில்லை. டிரைவரம்மா கட்டிலில் உட்கார்ந்து இடுக்கியோடு மல்லுக்கட்டுவாள், மிக்சி எதிரே தன் கை மேலேயே உட்கார்ந்து நெளிவாள். கை சும்மா இருந்தால் வாய் சும்மா இருக்குமா? ஒருநாள் எங்கள் ஊர் பஸ்ஸில் டிரைவருக்குப் பின்னால் கண்டக்டர் என்று ஒருத்தர் உண்டு என்று ஆரம்பித்தாள். அவர் வண்டியை ஓட்ட மாட்டார், ஆனால் அவர் "ரைட்" சொல்லாமல் வண்டி நகராது, "ஓல்டான்" சொன்னால் நின்றாகணும். டிரைவரம்மாவுக்குக் குஷி தாங்கவில்லை. அவள் ஊர் பஸ்ஸில் கண்டக்டரே கிடையாது, எல்லாப் பயணிகளும் அவள் உயிரை வாங்கினார்கள்.

"அப்ப நீதான் என் கண்டக்டர். நான் டிரைவர். டிரைவரைத் தொடக்கூடாது. வாயால சொல்லு, போதும்."

அதிலிருந்து இப்படித்தான். வாக்கரின் பிரேக்கைப் போடாமல் டிரைவரம்மா உட்காரப் போனால் "ஓல்டான்!" பிரேக் போட்டால் "ரைட்." பட்டை நழுவினால் ஒன்றும் சொல்வதில்லை, சும்மா உட்கார்ந்திருப்பாள். முதலில் வலது கால் ஒருநாள் சரியாக வந்தது. மறுநாள் வரவில்லை. ஒருநாள் கோபத்தில் டிரைவரம்மா இடுக்கியை விட்டெறிந்தாள், அது மிக்சியின் காலடியில் வந்து விழுந்தது. எடுக்கவில்லையே! டிரைவரம்மாவே எழுந்து, நடந்து, இன்னொரு இடுக்கியைக் கொண்டுவந்து இதை எடுத்தாள். எடுத்து முடித்ததும் இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பிறகு வாரக்கணக்கில் ஷூ, டீ, ஷூ, டீ. ஸ்டவ் பக்கமே போகாமல் அந்த மாதம் மிக்சி குடித்த அவ்வளவு டீயை அவள் ஆயுசிலேயே குடித்ததில்லை. ஒருத்தர் போட்டுக் கொடுத்து அவள் எப்போது குடித்திருக்கிறாள்?

இரண்டாவது டெஸ்டுக்குப் பெரியவரும் வந்திருந்தார். வீட்டில் கூட இருக்கப் போகிறவர் பார்க்கணுமாம். அவரை மிக்சி பக்கத்தில் நாற்காலியில் உட்கார வைத்தார்கள். மிக்சி சொல்லாமலே தன் கை மேல் உட்கார்ந்துகொண்டாள். அதே அதிகாரி அம்மா, அதே ஜன்னல், அதே பேனா. இந்தத் தடவை "ரைட்" கிடையாது, "ஓல்டான்" கிடையாது, வாயையும் திறக்கக்கூடாது என்று மேட்ரன் சொல்லியிருந்தாள்.

டிரைவரம்மா எழுந்தாள். இடது ஷூ ஒரே தடவையில் ஒட்டியது. வலது ஷூ நழுவியது. மறுபடி நழுவியது. பழகும்போது நன்றாக வந்ததே, இன்றைக்கா இப்படி! மூன்றாவது தடவையும் பட்டை நழுவி விழுந்தபோது பக்கத்தில் ஒரு சத்தம். பெரியவர் எழுந்துவிட்டார். இத்தனை வருஷம் கூட வாழ்ந்த பெண்டாட்டி ஒரு ஷூவோடு திண்டாடுவதைப் பார்க்க அவருக்கு மனசு வரவில்லை. நீளமான கை முன்னால் போய்விட்டது.

மிக்சியின் கை வெளியே வந்தது. ஷூவுக்குப் போகவில்லை. பெரியவரின் கோட்டு நுனியைப் பிடித்து, ஒரே இழுப்பில் அவரை நாற்காலியில் உட்கார வைத்தது. அவர் திகைத்துப்போய்ப் பார்த்தார். சொன்னால் காதில் விழாது, சொல்லவும் கூடாது. அவரது இரண்டு கையையும் எடுத்து அவர் தொடைக்கு அடியில் செருகிவிட்டு, தன் கையையும் பழையபடி செருகிக்கொண்டாள். இரண்டு பேரும் ஸ்கூல் பிள்ளைகள் மாதிரி கை மேல் உட்கார்ந்திருந்தார்கள். பெரியவருக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது, துடைக்கக் கை இல்லை.

டிரைவரம்மா இதையெல்லாம் ஓரக்கண்ணால் பார்த்தாள். ஒரு மூச்சு இழுத்து விட்டாள். "ஓல்டான்," என்று தனக்குத்தானே சொன்னாள். இடுக்கியை மடியில் வைத்துவிட்டு, கையை உதறி, விரலை நீட்டி மடக்கினாள். பிறகு மெதுவாகப் பட்டையைக் கவ்வி இழுத்தாள், ஒட்டிக்கொண்டது.

"ரைட்," என்றாள்.

அதிகாரி அம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. மிக்சிக்குப் புரிந்தது. அதற்கப்புறம் டீ போடுவதெல்லாம் டிரைவரம்மாவுக்கு ஜுஜுபி. இரண்டு கப் போட்டாள், ஒன்று அதிகாரி அம்மாவுக்கு.

டிரைவரம்மா வீட்டுக்குக் கிளம்பும் நாள் காலையில் மிக்சியின் போனுக்கு ஒரு படம் வந்திருந்தது. மகள் அனுப்பியது. புருஷன் சமையலறையில் நின்றுகொண்டிருந்தார். கோடு போட்ட சட்டை, அவரே இஸ்திரி போட்டதாம், காலர் ஒரு பக்கம் பல்லைக் காட்டியது. அலமாரியில் டப்பாக்கள் எல்லாம் இடம் மாறி, ஒவ்வொன்றின் மேலும் பட்டறை பெயின்ட்டில் உப்பு, டீத்தூள் என்று கொட்டை எழுத்தில் எழுதியிருந்தது. இனி அந்த வீட்டில் எது எங்கே இருக்கிறது என்று அவள்தான் அவரிடம் கேட்கணும். அதைப் பார்த்து அவளுக்குச் சந்தோஷமாகவும் இருந்தது, எதையோ பறிகொடுத்த மாதிரியும் இருந்தது. போனை மூடிப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு டிரைவரம்மாவின் அறைக்குப் போனாள்.

பையெல்லாம் கட்டியாகிவிட்டது. பெரியவர் வாசலில் கார் பக்கத்தில் நின்று அவசரப்படுத்திக்கொண்டிருந்தார். டிரைவரம்மா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள், இடது ஷூ போட்டாகிவிட்டது. மிக்சி பழக்கப்படி எதிரே உட்கார்ந்து கையைத் தொடைக்கு அடியில் வைத்தாள்.

டிரைவரம்மா இடுக்கியைப் பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தாள். வலது காலை நீட்டினாள்.

"போட்டு விடு."

"நீங்களே போடுவீங்களேம்மா."

"போடுவேன். எனக்குத் தெரியும், உனக்கும் தெரியும், அந்தப் பேனாக்காரிக்கும் தெரியும். அதனாலதான் கேட்கிறேன். இன்னைக்கு நீ போட்டு விடு, பொண்ணே."

மிக்சி கையை வெளியே எடுத்தாள். இவ்வளவு நேரம் அடியில் இருந்து மரத்துப்போயிருந்தது. தரையில் உட்கார்ந்து அந்தக் காலைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். வாசலில் பெரியவர் இரண்டாவது தடவை கூப்பிட்டார். இருக்கட்டும். பிறந்ததிலிருந்து எந்த வேலையையும் அவள் அவ்வளவு மெதுவாகச் செய்ததில்லை.